பழைய செயின்சாவைப் பிரித்துக் கட்டி ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பழைய செயின்சா என்று சொல்வது 1960-களிலும் 70-களிலும் வந்த டூ-ஸ்ட்ரோக் மெஷின்களை. சி.பி. பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்), டயஃப்ரம் கார்புரேட்டர் (மெல்லிய சவ்வின் அசைவால் பெட்ரோலை அளந்து விடுவது), மக்னீசியம் உடம்பு கொண்டவை: அமெரிக்காவின் ஹோம்லைட் எக்ஸ்எல்-12, மெக்கல்லக் 10-10, ஜெர்மனியின் ஸ்டில் 041, 070 போன்றவை. கீழே உள்ள அளவுகள் இந்த வகைக்குப் பொதுவானவை. உங்கள் மாடலின் மேனுவல் கையில் இருந்தால் அது சொல்வதே முதல் பேச்சு.

முப்பது வருடம் பரணில் கிடந்த மெஷின். பெட்ரோல் ஊற்றி இழுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். இழுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடக்கூடும், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. காய்ந்து விறைத்த கிராங்க் சீல் (சுழலும் ஷாஃப்ட்டைச் சுற்றிய ரப்பர் வளையம்) வழியாகக் காற்று உள்ளே போகும், பெட்ரோல் கலவை லீன் ஆகும் (பெட்ரோல் குறைந்து காற்று கூடும்), ஒரு நிமிடம் ஜோராக ஓடிவிட்டு பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். முப்பது வருடம் சும்மா கிடந்ததில் கெடாத சிலிண்டர் அந்த ஒரு நிமிடத்தில் கெடும்.

முதலில் பிளக்கைக் கழற்றி அரை டீஸ்பூன் 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) உள்ளே விடுங்கள். சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். பிஸ்டனின் பக்கம் மங்கலான சாம்பல் நிறத்தில், மெஷினிங் கோடுகள் குறுக்காகத் தெரிந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல், அலுமினியம் தேய்த்துப் பூசினது போலப் பளபளப்பு என்றால் ஏற்கெனவே ஒருமுறை பிடித்திருக்கிறது. மூங்கில் குச்சியால் ரிங்கை அழுத்திப் பாருங்கள். உள்ளே போய் வெளியே வர வேண்டும். அசையவில்லை என்றால் கார்பனில் ஒட்டியிருக்கிறது.

எந்த வரிசையில் சோதிப்பது?

கம்ப்ரஷன், ஸ்பார்க், காற்றுக் கசிவு, அதற்குப் பிறகுதான் பெட்ரோல். பலரும் கார்புரேட்டரில் தொடங்கி, மூன்று ரிப்பேர் கிட் மாற்றிய பிறகு கிராங்க் சீலைப் பார்க்கிறார்கள்.

கம்ப்ரஷன் எவ்வளவு இருக்க வேண்டும்?

பிளக் ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்திக்கொண்டு, அதன் முள் மேலே ஏறுவது நிற்கும் வரை ஆறேழு தரம் இழுங்கள். 150 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வந்தால் கவலை இல்லை. 120 என்றால் ஓடும். 100-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், சூடானதும் நின்றுவிடும். விலை குறைந்த கேஜ்களில் வால்வு நுனியில் இல்லாமல் ஹோஸின் மறுமுனையில் இருக்கும். ஹோஸின் கொள்ளளவும் சிலிண்டரோடு சேர்ந்துகொள்வதால் இவ்வளவு சின்ன எஞ்சினில் அது 20, 30 பி.எஸ்.ஐ. குறைத்துக்கூடக் காட்டும். கேஜ் சொல்வதை மட்டும் நம்பி ரிங் வாங்க ஓடாதீர்கள்.

ஸ்பார்க் வரவில்லை. காயில் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை, பாயிண்ட்தான். வருடக்கணக்கில் சும்மா கிடந்ததில் இரண்டு முகங்களிலும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படிந்து, கரண்ட் கடக்காமல் இருக்கும். 600 நம்பர் எமரி பேப்பரை ஒடுக்கமாக வெட்டி, மடித்து, பாயிண்டுக்கு நடுவில் வைத்து நாலு இழுப்பு இழுங்கள். பிறகு வெறும் வெள்ளைத் தாளைத் தின்னரில் நனைத்து அதே போல இழுங்கள். தாளில் கறுப்புக் கோடு விழாமல் வரும் வரை விடாதீர்கள். எமரியோடு நிறுத்துகிறவர்கள் அந்தப் பொடியை உள்ளேயே விட்டு, மறுநாள் அதே புகாரோடு நிற்கிறார்கள்.

பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.38 மி.மீ., அதாவது அங்குலத்தில் ஆயிரத்துக்கு 15 பங்கு (15 தௌ). பிளக் இடைவெளி 0.6 மி.மீ. காயிலின் இரும்புக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவில் 0.25 முதல் 0.30 மி.மீ. இதற்கு ஃபீலர் கேஜ் கூடத் தேவையில்லை. கெட்டியான விசிட்டிங் கார்டை இடையில் வைத்து, காந்தம் காயிலை இழுத்துப் பிடிக்கும்போது ஸ்க்ரூவை முறுக்கினால் போதும். காயில் ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் மாடல்களில் மட்டும் மேனுவல் அளவைப் பாருங்கள்.

பாயிண்டோடு இணைந்திருக்கும் கண்டன்சர் போனதற்கு அடையாளம்: பாயிண்ட் சீக்கிரமே கருகும், ஸ்பார்க் மஞ்சளாகச் சோகையாக வரும், மெஷின் குளிரில் ஸ்டார்ட் ஆகி சூட்டில் நிற்கும். அளவு 0.2 மைக்ரோஃபாரட் சுற்றில் இருக்க வேண்டும். அசல் கிடைக்கவில்லை என்றால், பாயிண்ட் வைத்த பழைய மொபெட்டின் கண்டன்சர் இந்த அளவுக்கு அருகில் இருக்கும், இடம் கொள்கிறதா என்று பார்த்து மாட்டலாம். பாயிண்டும் கண்டன்சரும் வேண்டாம் என்றால் அவற்றுக்குப் பதிலாகச் சின்ன எலக்ட்ரானிக் மாட்யூல் கிடைக்கிறது. ஸ்பார்க் வரவில்லை என்றால் வயரை மாற்றி இணைத்துப் பாருங்கள், சில மெஷின்களில் காந்தத்தின் திசை எதிராக இருக்கும்.

பாயிண்டை எட்ட ஃப்ளைவீல் நட்டைக் கழற்றும்போது எஞ்சினும் கூடவே சுற்றுகிறது. எப்படி நிறுத்துவது?

பிளக் ஓட்டை வழியாகக் கயிறு. ஸ்டார்ட்டர் கயிறு தடிமனில் ஒரு முழம் நைலான் கயிறு. ஆனால் பிஸ்டன் மேலே ஏறி எக்ஸாஸ்ட் ஓட்டையை மூடிய பிறகே கயிற்றை விட வேண்டும். இல்லாவிட்டால் கயிறு ஓட்டைக்குள் நுழைந்து, பிஸ்டனின் விளிம்பில் சிக்கி, ரிங்கை உடைக்கும். ஸ்க்ரூடிரைவரைத் துடுப்பில் முட்டுக்கொடுப்பது ஃப்ளைவீலுக்குக் கொள்ளி. துடுப்பு உடைந்தால் பேலன்ஸ் போய்விடும்.

கழற்றியதும் ஃப்ளைவீலை ஷாஃப்ட்டோடு பூட்டி வைக்கும் சாவியைப் பாருங்கள். அரைவட்டச் சாவி பாதி வெட்டுப்பட்டிருந்தால் டைமிங் நகர்ந்திருக்கும். ஸ்பார்க் இருந்தும், பெட்ரோல் போயும், கயிறு கையைப் பிடுங்குகிற மாதிரி உதைத்தால் முதல் சந்தேகம் இந்தச் சாவி மேல்தான்.

காற்றுக் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்வேன் என்பவர் இதைச் செய்யட்டும். டூ-ஸ்ட்ரோக்கில் கலவை கிராங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகிறது. கேஸில் எங்கே துளி ஓட்டை இருந்தாலும் கலவை லீன் ஆகும், ஆயிலும் அதோடு குறையும்.

சைலன்சரைக் கழற்றி, பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி எக்ஸாஸ்ட் வாயில் வைத்து, சைலன்சரைத் திரும்ப மாட்டி இறுக்குங்கள். கார்புரேட்டரைக் கழற்றி, அந்த வாயையும் அதன் பக்கத்தில், கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பைக் கார்புரேட்டருக்குக் கொடுக்கும் சின்ன இம்பல்ஸ் ஓட்டையையும் டியூபும் தகடும் வைத்து அடைத்துவிடுங்கள். பிஸ்டனைக் கீழே கொண்டுவந்து, பிளக் ஓட்டையில் ஒரு அடாப்டர் மாட்டிக் கைப்பம்பால் 7 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றுங்கள். 10 பி.எஸ்.ஐ.-க்கு மேல் போகாதீர்கள், நல்ல சீலும் பிதுங்கி வந்துவிடும். முள் அரை நிமிடம் நின்றால் சரி. இறங்கினால் சோப்புத் தண்ணீரைப் பிரஷால் தடவிப் பாருங்கள். முதலில் ஃப்ளைவீல் பக்கச் சீல், அடுத்து கிளட்ச் பக்கம், பிறகு சிலிண்டர் அடிப் பேக்கிங், கேஸ் இணைப்பு. குமிழி வரும் இடம் காட்டிக்கொடுக்கும். சோதனையின் நடுவே கிராங்கை மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஒரு நிலையில் பிடிக்கும் சீல் இன்னொரு நிலையில் விடும்.

இதோடு முடியவில்லை. அழுத்தத்தில் காற்று சீலின் உதட்டை ஷாஃப்ட்டோடு சேர்த்து அழுத்தும், அதனால் தேய்ந்த சீல்கூடத் தேறிவிடும். உறிஞ்சும்போதுதான் உண்மை தெரியும். அதே அமைப்பில் வேக்குவம் பம்ப் மாட்டி அரை பார் (சுமார் 7 பி.எஸ்.ஐ.) வரை இழுத்துப் பாருங்கள். எக்ஸ்எல்-12 போன்ற ரீட் வால்வு (ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மெல்லிய தகடு) மெஷின்களில் கார்புரேட்டர் பக்கத்திலிருந்து உறிஞ்சினால் ரீட் மூடிக்கொண்டு எல்லாம் சரி என்று பொய் சொல்லும். பிஸ்டன் கீழே இருக்க, பிளக் ஓட்டையிலிருந்துதான் உறிஞ்ச வேண்டும்.

கார்புரேட்டரைப் பிரித்தால் திரும்பச் சேர்க்க முடியுமா?

முடியும். டில்லாட்சன் கம்பெனியின் எச்.எல்., எச்.எஸ். கார்புரேட்டர் வகைகளில் மொத்தமே இருபது சொச்சம் உருப்படிதான். ஒவ்வொரு அடுக்கைக் கழற்றும்போதும் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலை அளந்து விடும் மீட்டரிங் பக்கத்தில் முதலில் பேக்கிங், அதன் மேல் டயஃப்ரம், அதன் மேல் மூடி. பேக்கிங்கும் டயஃப்ரமும் இடம் மாறினால் மெஷின் ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சாகும்.

பழைய டயஃப்ரத்தைக் கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள். பட்டுத்துணி மாதிரி தளதளவென்று இருக்க வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி படபடத்தால் குப்பைக்கு.

ஊசி வால்வை இயக்கும் சின்ன நெம்புகோலின் உயரம்தான் இங்கே உயிர்நாடி. இந்த டில்லாட்சன்களில் அதன் நுனி அறையின் தரையோடு சமமாக இருக்க வேண்டும். ஸ்கேல் விளிம்பைத் தரையில் வைத்து நகர்த்தினால் நெம்புகோலில் தட்டவும் கூடாது, இடைவெளியும் தெரியக்கூடாது. உயர்ந்தால் பெட்ரோல் வழிந்து பிளக் நனையும், தாழ்ந்தால் பட்டினி. மாட்டும் முன் பெட்ரோல் வரும் வாயில் 7 பி.எஸ்.ஐ. காற்று கொடுத்துப் பாருங்கள், ஊசி வால்வு அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஜெட் துளையில் கம்பி விட்டுக் குடையாதீர்கள். கார்ப் கிளீனரும் காற்றும் போதும். அப்போதும் கம்ப்ரஸர் காற்றை வால்வு பக்கம் முழு வேகத்தில் அடித்தால் உள்ளே இருக்கும் சின்னத் தட்டு பறந்துவிடும்.

டேங்குக்குள் இருக்கும் ரப்பர் குழாயையும் ஃபில்டரையும் கேட்காமலே மாற்றிவிடுங்கள். குழாயின் பிளவு டேங்குக்குள் பெட்ரோல் மட்டத்துக்கு மேல் இருந்தால், டேங்க் பாதி ஆனதும் மெஷின் நிற்கும். மூடியைத் தளர்த்தினால் ஓடுகிறது என்றால் அது வேறு நோய்: டேங்கின் காற்றோட்ட வால்வு அடைத்திருக்கிறது.

மெஷின் மேல் 16-க்கு 1 என்று எழுதியிருக்கிறது. அவ்வளவு ஆயிலா?

அந்தக் காலத்தில் கலந்தது சாதாரண எஞ்சின் ஆயில், அதனால் அந்தக் கணக்கு. இன்றைய ஜாசோ (ஜப்பானியத் தர அமைப்பு) எஃப்.சி. அல்லது எஃப்.டி. தரமுள்ள 2டி ஆயிலில் 32-க்கு 1 போதும், லிட்டருக்கு 31 மி.லி. புது ரிங் போட்டால் முதல் இரண்டு டேங்குக்கு 25-க்கு 1, அதாவது 40 மி.லி. புது மெஷின்களுக்குச் சொல்லும் 50-க்கு 1, லிட்டருக்கு 20 மி.லி. பழைய பேரிங்குகளுக்குக் கஞ்சத்தனம். படகு எஞ்சினுக்கான டி.சி.-டபிள்யூ.3 ஆயில் தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கானது, இதில் ஊற்ற வேண்டாம்.

இந்தியாவில் இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இதில் ஓடுமா?

ஓடும், ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, 1960-களின் ரப்பர் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டதல்ல. டயஃப்ரம் விறைக்கும், குழாய் ஊறி உப்பும். புதிதாக வாங்கும் கிட் எத்தனால் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு, எத்தனாலுக்கு எரியக் காற்று குறைவாகப் போதும். அதே ஜெட்டில் கலவை ஏழெட்டு சதவீதம் லீன் ஆகிவிடும். பழைய மேனுவல் சொன்ன ஸ்க்ரூ அளவில் நிறுத்தாமல், கார்புரேட்டரில் உயர் வேகத்துக்கான எச் ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் திறந்து, காதால் செட் செய்ய வேண்டும். மூன்று, எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும். டேங்கில் ஃபில்டர் கிடப்பதும் அடியில்தான். மக்னீசியம் டேங்கில் அது வெள்ளைப் பொடியாக அரிக்கும்.

எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழலில் 20 மி.லி. தண்ணீர், 80 மி.லி. பெட்ரோல். மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். கீழே தண்ணீர்க் கோடு 20-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 35 பக்கம் ஏறினால் ஏறக்குறைய 20 சதவீதம். இப்படித் தண்ணீரால் எத்தனாலைக் கழுவி எடுத்துவிட்டு மீதியை மெஷினில் ஊற்றலாமே என்று கேட்பார்கள். ஆக்டேன் குறையும், ஈரம் மிச்சமிருக்கும், செய்யாதீர்கள்.

ட்யூனிங் எப்படி?

எல் (குறைந்த வேகத்துக்கானது), எச் இரண்டு ஸ்க்ரூவையும் லேசாக மூடும் வரை உள்ளே திருப்பி, ஒவ்வொன்றையும் ஒரு சுற்று திறங்கள். இறுக்கி மூடினால் ஊசி முனை ஜெட்டைச் சிதைத்துவிடும். ஸ்டார்ட் செய்து நன்றாகச் சூடாகட்டும். எல் ஸ்க்ரூவில் ஐடிலிங் அதிகபட்ச வேகம் வரும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று திறந்து வையுங்கள். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று அழுத்தினால் திக்காமல் ஏற வேண்டும்.

எச் ஸ்க்ரூவுக்குக் காதுதான் கருவி. பாரம் இல்லாமல் முழு ஆக்ஸிலேட்டரில் சத்தம் "பர்ர்ர்" என்று கரடுமுரடாக, விட்டு விட்டு வர வேண்டும். மரத்தில் வைத்து அறுக்கும்போது அந்தக் கரகரப்பு மறைந்து சத்தம் தெளிய வேண்டும். மரத்தை விட்டு எடுத்ததும் மறுபடி கரகரக்க வேண்டும். பாரம் இல்லாமலே "ஙீ" என்று கூர்மையாகக் கத்தினால் லீன், உடனே திறங்கள். அந்தக் கூர்மைதான் கேட்க நன்றாக இருக்கும், அதனால்தான் இத்தனை பிஸ்டன் போகிறது.

ஸ்டில் 070-இன் அசல் கார்புரேட்டரில் கவர்னர் உண்டு. வேகம் எல்லை தொட்டதும் அதுவே பெட்ரோலைக் கூட்டிக் கரகரக்க வைக்கும். அதை ரிச் (பெட்ரோல் அதிகம்) என்று நினைத்து எச் ஸ்க்ரூவை மூடிவிட வேண்டாம்.

ஐடிலிங்கில் வேகம் தானாக ஏறி இறங்குகிறது. செயினும் சுற்றுகிறது.

முதலாவது காற்றுக் கசிவு, மேலே பார்த்த சோதனைக்குப் போங்கள். இரண்டாவது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ஐடில் ஸ்க்ரூ அதிகம். ஐடிலிங்கில் செயின் அசையவே கூடாது.

பிஸ்டன் பிடித்த சிலிண்டரைக் காப்பாற்ற முடியுமா?

முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். போர் (சிலிண்டரின் உள்துளை) உள்பக்கம் ஒட்டினால் இரும்பு லைனர், ஒட்டாவிட்டால் அலுமினியத்தின் மேல் குரோம். இரும்பு லைனரை ஹோனிங் (லேசாகத் தேய்த்துச் சீராக்குவது) செய்யலாம், பெரிய பிஸ்டன் கிடைத்தால் துளையைப் பெரிதாகக் கடையவும் செய்யலாம். குரோம் போரைக் கடைந்தால் பூச்சு போய்விடும், அதோடு கதை முடிந்தது.

குரோமில் தெரியும் கீறல்களில் பாதி கீறலே அல்ல, பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியம். இதற்குக் கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். காது குடையும் பஞ்சுக் குச்சியில் நனைத்து, ஒட்டிய இடத்தில் மட்டும் தொட்டுத் தேயுங்கள். நுரைத்துக் கறுப்பாகக் கரையும். துடைத்து மறுபடி தொடுங்கள். நுரைப்பது நின்றால் அலுமினியம் முடிந்து குரோம் வந்துவிட்டது என்று பொருள். நிற்காமல் நுரைத்துக்கொண்டே இருந்தால் பூச்சு ஏற்கெனவே போய், சிலிண்டரையே கரைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நிறுத்துங்கள். ஓட்டைகளின் விளிம்பில் ஆசிட் வழியக்கூடாது. பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, காயவைத்து, உடனே ஆயில் தடவுங்கள். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் கட்டாயம். பக்கத்தில் மற்ற டூல்ஸ் இருந்தால் ஆவியிலேயே துரு ஏறிவிடும்.

புது ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியைப் பாருங்கள். 0.2 முதல் 0.5 மி.மீ. நல்லது, 1 மி.மீ. தாண்டினால் வேண்டாம். குரோம் போரில் குரோம் பூசிய ரிங் போடாதீர்கள். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் கட்ஜன் பின்னின் லாக்கை மறுமுறை பயன்படுத்தாதீர்கள், அதன் வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே இருக்கும்படி மாட்டுங்கள். பக்கவாட்டில் இருந்தால் பிஸ்டன் ஏறி இறங்கும் வேகத்தில் தளர்ந்து வெளியே வரும்.

உடம்பை எதைக் கொண்டு கழுவுவது?

மண்ணெண்ணெயும் பிரஷும். மக்னீசியத்தை ஆசிட் தின்னும், அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா தின்னும். இரண்டும் ஒரே மெஷினில் இருப்பதால் இரண்டையும் தவிர்ப்பதே சரி. கேஸில் துளை போட்டால் விழும் மக்னீசியச் சீவலை உடனே அள்ளுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, காய்ந்த மணலைக் கொட்டுங்கள். பழைய சைலன்சர் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள்.

எந்த செயின் மாட்டுவது?

அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடு வரை அளந்து இரண்டால் வகுங்கள், அதுதான் பிட்ச். 9.5 மி.மீ. வந்தால் எட்டில் மூன்று அங்குலம், 10.3 வந்தால் 404 (0.404 அங்குலம்). செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும், செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரின் நுனியும் அதே பிட்ச் ஆக இருக்க வேண்டும். பாரின் பள்ளத்தையும் அளங்கள், 1.3, 1.5, 1.6 மி.மீ. என்று வரும். இந்த இரண்டு பிட்சுக்கும் 5.5 மி.மீ. உருண்டை அரம், 30 டிகிரி, பல்லுக்கு முன்னால் இருக்கும் மட்டக்கோல் (டெப்த் கேஜ்) எட்டில் மூன்றுக்கு 0.65 மி.மீ., 404-க்கு 0.8 மி.மீ. தாழ்வு.

இன்று நாம் அரம் போடும் இந்தக் கொக்கி வடிவப் பல் 1940-களின் பிற்பகுதியில் வந்தது. மரத்தைக் குடையும் வண்டுப் புழுவின் தாடை இடமும் வலமுமாக வெட்டுவதைக் கவனித்து, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர் வடிவமைத்தார். அதற்கு முந்தைய செயின்களில் கைரம்பப் பல்தான், ஒவ்வொரு பல்லாகத் தீட்டி மாளாது.

பார் ஆயில் தானாக வருமா?

பல பழைய மாடல்களில் கட்டை விரலால் அமுக்கும் பம்ப்தான், சிலவற்றில் இரண்டும் உண்டு. அறுக்கும்போது சில நொடிக்கு ஒருமுறை அமுக்க வேண்டும். பாரை வெள்ளைத் தாளின் மேல் காட்டி ஓட்டினால் ஆயில் கோடு விழ வேண்டும். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயில் வேண்டாம். அதில் இரும்புத் துகள் இருக்கும், செயின் அதை உங்கள் முகத்திலேயே தெளிக்கும்.

பார்ட்ஸ் கிடைக்குமா?

எக்ஸ்எல்-12 1963-இல் வந்தது, 54 சி.சி., பார் செயின் இல்லாமல் 12 பவுண்டு. பேரே எடையிலிருந்து வந்ததுதான். ஏராளமாக விற்றதால் பிரித்த பார்ட்ஸ் இன்னும் புழங்குகிறது. ஸ்டில் 070-க்குச் சீனாவில் நகல் பார்ட்ஸ் வருகிறது. பிஸ்டன் கிட் வாங்கினால் ஓட்டைகளின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், கூர்மையாக இருந்தால் ரிங்கைப் பிடித்துவிடும், மெல்ல மழுக்கிவிட்டு மாட்டுங்கள். சீல், பேரிங் மட்டும் அளவைச் சொல்லி நல்ல பேரிங் கடையில் வாங்குவது மேல். பேரிங் மாட்டக் கேஸை 120 டிகிரியில் சூடாக்கி, பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் அடிக்காமலே இறங்கும்.

இதைக் கொண்டு தினசரி வேலை பார்க்கலாமா?

கூடாது என்பதே எங்கள் பதில். செயின் பிரேக் பரவலாக வந்தது 1970-களில்தான். அதற்கு முந்தைய மெஷினில் பார் நுனி கட்டையில் பட்டு மேலே உதைத்தால் தடுக்க எதுவும் இல்லை, உங்கள் கைதான். பலவற்றில் அதிர்வுத் தடுப்பும் இல்லை, நாள் முழுதும் பிடித்தால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் வரும். வாரத்தில் ஒரு மணி நேரம், தரையில் கிடக்கும் கட்டையை, பாரின் நடுப்பகுதியால் அறுங்கள். ஏணியில், மரத்தின் மேல், தோளுக்கு மேல் வேண்டவே வேண்டாம். காதடைப்பு, கண்ணாடி, கெட்டி பூட்ஸ் இல்லாமல் கயிற்றைத் தொடாதீர்கள்.

வேலை முடிந்ததும் எப்படி வைப்பது?

இரண்டு வாரத்துக்கு மேல் ஓடாது என்றால் டேங்கைக் காலி செய்து, ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு டீஸ்பூன் 2டி ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல இரண்டு இழுப்பு. பிளக்கை மாட்டி, இழுத்தால் கனமாகத் தடுக்கும் இடத்தில் பிஸ்டனை நிறுத்துங்கள். அந்த நிலையில் எக்ஸாஸ்ட் ஓட்டை மூடியிருக்கும், ஈரமும் பூச்சியும் உள்ளே போகாது.